வடக்குச் சுவர்

ஹெல்சிங்கி,
1951 நவம்பர் 18

அன்புத் தங்கை சைமிக்கு,

அண்ணன் ஆர்மாஸ் எழுதுகிறேன். நான் சுகம். இருமல் மட்டும் இருக்கிறது. அது நவம்பர் மாதத்துக்கு உரியது, டிசம்பரில் தானே போய்விடும். நீயும் மாப்பிள்ளை கௌகோவும் குட்டி இர்யாவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே ஆறு உறைந்துவிட்டதா?

சேதிக்கு வருகிறேன். உங்கள் ஊர் காகித ஆலை எனக்குக் கிடைத்துவிட்டது! நாலு பேர் போட்டி போட்டோம். மற்ற மூவரும் சர்ச்சும் நாடக அரங்கமும் கட்டிப் பெயர் வாங்கியவர்கள். நான் கட்டியது தீப்பெட்டி ஆலை, பீர் ஆலை, தானியக் கிடங்கு, கொதிகலன் கூடங்கள். என்னோடு படித்தவர்கள் இன்றைக்கும் என்னைப் 'புகைக்கூண்டு ஆர்மாஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். சர்ச்சுக்குள் ஒருவன் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்காருகிறான், அதிலும் பாதி நேரம் தூங்குகிறான். ஆலைக்குள் அவன் ஆயுளே போகிறது. எதை நன்றாகக் கட்ட வேண்டும் என்று நீயே சொல்.

எந்திரக் கூடத்தின் நீளம் நூறு மீட்டருக்கு மேல். அதன் வடக்குச் சுவர், ஆற்றைப் பார்த்த சுவர், தரையிலிருந்து கூரை வரை முழுக்கக் கண்ணாடி. என் ஆலைகளில் ஜன்னல் எப்போதும் வடக்கே பார்த்துத்தான் இருக்கும். தெற்கு வெயில் எந்திரத்தின்மேல் பட்டால் கண் கூசும், நிழல் ஆடும், கை தவறும். வடக்கிலிருந்து வருவதில் வெயில் இல்லை, வெறும் வெளிச்சம். அம்மா தம்பரே நூற்பாலையிலிருந்து வந்ததும் கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுப்பாள். நீ அப்போது சின்னவள், ஞாபகம் இருக்காது. நான் கட்டும் இடத்தில் வேலை செய்கிற ஒருவருக்கும் கண் சிவக்கக் கூடாது என்று படிக்கும் காலத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

புது எந்திரத்தில் மாப்பிள்ளைதான் நிற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். நடைமேடை எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவரைக் கேட்டு எழுது. குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
ஆர்மாஸ்


குர்கிகோஸ்கி,
1951 டிசம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சைமி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், கௌகோவின் முதுகைத் தவிர. அது பழைய ஆலையில் மரக்கட்டை தூக்கிய காலத்து வலி. உன் இருமலுக்குத் தேனும் வெங்காயமும் சேர்த்துக் குடி. குடிக்க மாட்டாய், தெரியும். எழுதி வைக்கிறேன்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாக வாசித்தேன். "முழுக்கக் கண்ணாடியா?" என்று கௌகோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "உங்க அண்ணன் சர்ச்சு கட்ட மாட்டேன்னு சொல்லிட்டு எங்களுக்குச் சர்ச்சுதான் கட்டப் போறாருன்னு நினைக்கிறேன்." மறுநாள் பழைய ஆலையில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் வேலை செய்கிற கூடத்தில் ஜன்னல் என்பது புகை போக ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.

அண்ணா, இங்கே இப்போது காலை பதினொன்றுக்கு விடிந்து, பகல் ஒன்றரைக்கு இருட்டிவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரம் கௌகோ ஆலைக்குள் இருக்கிறார். போன மாதம் முழுக்க அவர் பகலைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். நீ சுவர் முழுக்க வைத்தாலும் சரி, கூரையையும் கண்ணாடியில் போட்டாலும் சரி, இந்த ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆற்றுப் பக்கம்தான் அழகும்கூட. வடக்கே பார்த்தால் தண்ணீர், அதற்கப்பால் வானம், நடுவில் ஒரு மரம் கிடையாது.

நடைமேடையில் இரண்டு பேர் இடிக்காமல் தாண்டிப் போக வேண்டும், அதில் ஒருவன் தன்னோடு வேலை செய்கிற ரெய்னோ போலக் குண்டாக இருப்பான் என்று கௌகோ சொல்லச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குச் சால்மன் அனுப்புகிறேன்.

உன் தங்கை,
சைமி


குர்கிகோஸ்கி,
1952 செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணா,

ஊருக்கு நல்லபடி போய்ச் சேர்ந்தாயா? சளி பிடிக்கவில்லையே? பிடிக்காமல் எப்படி இருக்கும்! ஆலங்கட்டி மழையில் அரை நாள் கூரை உத்தரத்தில் உட்கார்ந்திருந்தால்?

ஊர் முழுக்க உன் கதைதான். நீ ரயில் ஏறிய பிறகு அது தினம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மரச்சட்டம் உச்சியை எட்டியதும் முகட்டில் ஒரு மரக்கன்று நட்டு, கட்டுகிறவர்களுக்கு முதலாளி விருந்து போட வேண்டும் என்பது ஆலை டைரக்டர் ஹோல்முக்கும் தெரிந்ததுதான். "முதல்ல வேலைய முடிங்க, அப்புறம் தின்னலாம்" என்று அந்த ஆள் சொன்னதும், பையன்கள் வழக்கப்படி வைக்கோல் பொம்மை கட்டி உச்சியில் தொங்கவிட்டார்கள். அதற்கு ஹோல்மின் தொப்பியைப் போலவே ஒரு தொப்பி. இதெல்லாம் பழைய நடப்பு. கஞ்ச முதலாளி எல்லாருக்கும் நடப்பது. ஆனால் ஆர்க்கிடெக்ட் ஏணி ஏறிப்போய்ப் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததை இங்கே யாரும் பார்த்ததில்லை.

ஹோல்ம் கீழேயிருந்து கத்தியதைக் கௌகோ வீட்டில் நடித்தே காட்டினார். "எறங்குங்க ஐயா! கால் வழுக்கிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?" அதற்கு நீ: "பொம்மை எறங்கட்டும், நானும் எறங்குறேன். தனியா விட்டா அது பாவம்." இர்யா இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சாயங்காலம் பட்டாணி சூப்பும் பீரும் வந்துவிட்டது. ரெய்னோ ஏழு தட்டு சாப்பிட்டானாம்.

இங்கே ஆட்கள் அதிகம் பேச மாட்டார்கள், உனக்குத் தெரியும். "உங்க அண்ணன் நம்ம ஆளு" என்று ரெய்னோ என்னிடம் கடைத்தெருவில் சொன்னான். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சைமி


ஹெல்சிங்கி,
1954 பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எல்லாரும் சுகம் என்று ஸ்டேஷனில் உங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நானும் சுகம். ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சந்தோஷம்தான். வேறு யாரிடம் சொல்வேன்? உன்னிடம் சொல்கிறேன்.

எந்திரம் ஓடத் தொடங்கிய நாளில் உன்னை உள்ளே அழைத்துப்போக முடியவில்லை என்பது எனக்குக் குறைதான். பெண்களை எந்திரக் கூடத்துக்குள் விடுவதில்லை என்று ஹோல்ம் பிடிவாதமாக இருந்தார். அதனால் என் கண்ணால் பார்.

வெளியே முப்பது டிகிரி உறைகுளிர். அக்டோபரில்தான் கண்ணாடி வந்து, அதுவரை வடக்குச் சுவரை மூடியிருந்த பலகை அடைப்பைப் பிரித்தோம். அந்தக் கண்ணாடி வழியாக நண்பகலில் ஒரு நீல வெளிச்சம் உள்ளே வந்து எந்திரம் முழுக்கப் படர்ந்திருந்தது. நிழலே இல்லை. எதிரில் நிற்கிறவனின் இமை மயிர்கூடத் தெரிந்தது. எந்திரத்தின் ஒரு முனையில் நீர்த்த பால் மாதிரி மரக்கூழ் கொட்டுகிறது. அது வலைமேல் ஓடுகிறது, உருளைகளுக்குள் நுழைகிறது, கம்பளிமேல் ஏறுகிறது, சூட்டில் காய்கிறது. மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை மறு முனையில் காகிதமாக வந்து சுருளில் சுற்றியது. ஆறு மீட்டர் அகலக் காகிதம், சைமி! ஒரு மனிதன் ஓடும் வேகத்தைவிட வேகமாக! சத்தத்தில் தரையே நடுங்குகிறது. ஹோல்ம் தொப்பியைக் கழற்றிவிட்டார். இதற்கு நான் கூரை போட்டிருக்கிறேன், சுவர் வைத்திருக்கிறேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

கட்டடக்கலைப் பத்திரிகை அந்தச் சுவரை அட்டையில் போடப்போகிறது. அதைவிடப் பெரிய சேதி: கம்பெனி ஆற்றின் மேல்பகுதியில், உங்களுக்கும் வடக்கே, இன்னொரு ஆலை கட்டுகிறது. இதைப்போல் இரண்டு மடங்கு. வேலை எனக்குத்தான் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். ஜூன் கடைசியில் கையெழுத்து. அது கையில் வந்தால் சொந்த அலுவலகம், என் பெயரில் பலகை, பத்து வரைவாளர்கள். ஐம்பது வயதில்தான் என்றாலும் வருகிறதே. அதே வடக்குச் சுவரை இரண்டு மடங்கு நீளத்தில் வரையத் தொடங்கிவிட்டேன்.

மாப்பிள்ளை கூடத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று ஒளிக்காமல் எழுது.

ஆர்மாஸ்


குர்கிகோஸ்கி,
1954 மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இர்யாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேசினால் காற்றுத்தான் வருகிறது.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். கௌகோ விசில் அடிக்கிறார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போதே அடிக்கிறார். "இன்னிக்கு மத்தியானம் லைட்டையெல்லாம் அணைச்சுட்டோம் சைமி. உறைஞ்ச ஆத்துல ஒரு நரி நடந்து போச்சு. நான் எந்திரத்துல நின்னுக்கிட்டே பாத்தேன்" என்கிறார். நரியைப் பற்றி இரண்டு நாள் பேசினார்.

அந்தக் கூடத்துக்குள் ஒரு முறையாவது போய்விட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆற்றோரச் சாலையில் நடக்கும்போது கண்ணாடி வழியே உள்ளே வெளிச்சம் தெரியும். ஊரில் பாதிப் பெண்கள் வேண்டுமென்றே அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறோம்.

பத்திரிகை வந்ததும் இரண்டு பிரதி அனுப்பு. ஒன்று எனக்கு, ஒன்று ரெய்னோவுக்கு. கேட்க வெட்கப்படுகிறான்.

சைமி


ஹெல்சிங்கி,
1954 ஜூன் 3

அன்புள்ள சைமி,

நான் சுகம். நீங்கள் சுகமா என்பதுதான் தெரியவில்லை. மே மாதம் நடுவிலிருந்து மூன்று கடிதம் எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. குழந்தைக்கு ஏதாவதா? மாப்பிள்ளையின் முதுகா? பத்திரிகை வந்து சேர்ந்ததா?

ஜூன் முப்பதாம் தேதி கையெழுத்து உறுதியாகிவிட்டது. பெரிய ஆலையின் வரைபடங்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. பத்திரிகைக்காரர் உங்கள் கூடத்தைக் கோடை வெளிச்சத்தில் இன்னொரு முறை படம் எடுக்க வேண்டும் என்கிறார். நானோ குளிர்காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே வந்திருக்கிறேன். கோடையில் கூடம் எப்படி இருக்கிறது? அதையும் எழுது.

பதில் வராவிட்டால் தந்தி அடிப்பேன். ஸ்டேஷனில் எல்லாரும் படிப்பார்கள், உனக்குத்தான் வெட்கம்.

ஆர்மாஸ்


குர்கிகோஸ்கி,
1954 ஜூன் 8

அன்புள்ள அண்ணா,

மன்னித்துக்கொள். நாங்கள் நலம். வேலை அதிகம். உருளைக்கிழங்கு நட்டோம். கொசு வந்துவிட்டது, இந்த வருஷம் குதிரையைத் தூக்கிப்போகிற அளவுக்கு. சௌனா நீராவிக் குளியலறைக்குப் புதிய படி போட்டிருக்கிறோம், நீ வந்தால் வழுக்காமல் குளிக்கலாம். கௌகோவுக்குக் கையில் கொஞ்சம் வீக்கம், சரியாகிவிடும். பக்கத்து வீட்டில் கன்றுக்குட்டி பிறந்திருக்கிறது. இர்யா அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறாள், கோபித்துக்கொள்ளாதே.

இர்யாதான் தூங்க மாட்டேன் என்கிறாள். சூரியன் இறங்குவதே இல்லை, அறை பட்டப்பகல் மாதிரி இருக்கிறது. மற்ற வருஷங்களில் போர்வைகளை ஜன்னலில் மாட்டிவிடுவோம். பழைய ஆலையின் எந்திரத்தில் ஓடித் தேய்ந்த கம்பளிதான் இங்கே எல்லார் வீட்டுப் போர்வையும். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வராது. இந்த வருஷம் கம்பளி வீட்டில் இல்லை. கௌகோ ஆலைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதனால் என் பாவாடைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பத்திரிகை வந்தது. மிக அழகான படம். ரெய்னோ அதைச் சமையலறையில் மாட்டியிருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். காப்பியைக் குறை.

சைமி


ஹெல்சிங்கி,
1954 ஜூன் 11

சைமி,

உன் கடிதத்தைக் காலையிலிருந்து திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கன்றுக்குட்டி, கொசு, சௌனாப் படி என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். கூடத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ஆலைக்கு எதற்கு வீட்டுப் போர்வை?

மத்தியானம் வரை எனக்குப் புரியவில்லை. பிறகு பெரிய ஆலையின் வரைபடம் மேஜையில் விரித்துக் கிடந்ததைப் பார்த்தேன். மூலையில் திசைக்குறி. நானே போட்டது.

உங்கள் ஊரில் நடு இரவில் சூரியன் எந்தத் திசையில் நிற்கிறது? எனக்குப் பதில் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் நீ உன் கையால் எழுது. மாப்பிள்ளையின் கை எப்படி வீங்கியது என்பதையும் எழுது.

ஆர்மாஸ்


குர்கிகோஸ்கி,
1954 ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

வடக்கே. ஆற்றுக்கு நேர் மேலே. கூடத்தின் நட்ட நடுவில்.

எழுதிவிட்டேன். இனி எல்லாவற்றையும் சொல்கிறேன். பாதியில் நிறுத்தினால் என்னால் மறுபடி தொடங்க முடியாது.

மே மாதம் நடுவிலிருந்தே தொடங்கியது. இரவு ஷிப்டில் பத்து மணிக்கு மேல் வெயில் ஆற்றோடு தவழ்ந்து நேராக உள்ளே வருகிறது. தண்ணீரிலிருந்து ஒரு தடவை, ஈரக் கூழிலிருந்து இன்னொரு தடவை எதிரொளிக்கிறது. வலை ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாதாம். "கண்ணுக்குள்ள யாரோ விளக்கைத் திணிக்கிற மாதிரி இருக்கு" என்று கௌகோ சொன்னார். காகிதத்தின் ஓரம் மடங்கியதைத் தட்டிவிடக் கை நீட்டியிருக்கிறார். இடத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார். சட்டைக் கையை உருளை இழுத்துக்கொண்டது. பழைய சட்டை, தோளோடு கிழிந்தது; அதனால்தான் கை இருக்கிறது. நகம் எல்லாம் கறுத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் அவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஹோல்மிடம் சொன்னால் கம்பெனிக்குப் போகும், கம்பெனிக்குப் போனால் உனக்குப் பெரிய ஆலை கிடைக்காது. "நமக்காக மழையில உக்காந்த மனுஷன். கையெழுத்து ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது ரெய்னோ. எல்லார் வீட்டுக் கம்பளியையும் நாங்கள் பெண்கள் சேர்ந்து தைத்தோம், அண்ணா. நானும் தைத்தேன். இரவு ஷிப்டு தொடங்கியதும் கூரையை ஒட்டி ஓடும் பாரந்தூக்கியின் தண்டவாளத்திலிருந்து தொங்கவிடுகிறார்கள், காலையில் ஹோல்ம் வருவதற்குள் இறக்கிச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். உன் கடிதங்கள் வந்தபோது எனக்குத் தையல் வேலைதான் இருந்தது. அதை எப்படி எழுதுவேன்?

உன் மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை. நீ கேட்டபோது நானும்தான் கண்ணாடி வேண்டும் என்றேன். டிசம்பரில் யாருக்கு ஜூன் ஞாபகம் வரும்? இந்த ஊரில் பிறந்த கௌகோவுக்கே வரவில்லை.

கையெழுத்து வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர்களுக்குச் சத்தியம் செய்திருந்தேன். ஆனால் மேலே கட்டப்போகிற ஆலையிலும் ஒரு கௌகோ நிற்பான், அவன் சட்டை புதுச் சட்டையாக இருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் அந்தப் போர்வை வரியை எழுதினேன். தவறி எழுதியதில்லை. இனி நீ செய்வது உன் இஷ்டம். எது செய்தாலும் நான் உன் தங்கைதான்.

சைமி


ஹெல்சிங்கி,
1954 ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளையின் கை எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது. டாக்டரிடம் காட்டினாரா? நான் சுகம். உண்மையாகவே சுகம், உன் கடிதம் வந்த நாளுக்குப் பிறகு முந்தாநாள்தான் நன்றாகத் தூங்கினேன்.

நிர்வாகக் குழுவின் முன்னால் போய் நின்றேன். வரைபடத்தை விரித்து, சூரியன் வரும் கோட்டைச் சிவப்புப் பென்சிலால் போட்டுக் காட்டினேன். பிறகு தலைவர் கேட்டார்: "நீங்க எத்தனை வருஷமா ஆலை கட்டுறீங்க?" "இருபத்தி நாலு வருஷமா." "எல்லாத்துலயும் வடக்கா?" "எல்லாத்துலயும் வடக்குத்தான். அதெல்லாம் தெற்குச் சீமை. அங்கே ராத்திரியில சூரியன் ஒளிஞ்சுக்கும்." ஒருவர் சிரித்துவிட்டார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

பெரிய ஆலை எனக்கு இல்லை. வேறொருவருக்குப் போகிறது. அவருக்கு என் வரைபடத்தையும் சிவப்புக் கோட்டையும் கொடுத்துவிட்டேன், வீணாகக் கூடாது. எனக்கு ஒரு கிடங்கு கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலே இல்லாத கிடங்கு. தலைவருக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது.

உங்கள் கூடத்தின் விஷயத்துக்கு வருகிறேன். திரை போடலாம் என்றார்கள். அந்த ஈர ஆவியில் எந்தத் திரையும் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது, இற்று எந்திரத்துக்குள் விழும் என்று நானே சொன்னேன். செங்கல் சுவர்தான். மேலே கூரையை ஒட்டி மட்டும் ஒரு வரிசைக் கண்ணாடி. நானே வரைந்துவிட்டேன். இருபது வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் நான் எதையும் வரைந்ததில்லை. கொத்தனார்கள் திங்கட்கிழமை, இருபத்தெட்டாம் தேதி வருவார்கள்.

போர்வைகளை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல். இர்யா தூங்கட்டும். எல்லாரிடமும் நான் என்ன சொல்வேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. ரெய்னோவின் கையைப் பிடித்துக் குலுக்கு, அது போதும்.

ஹோல்மிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். சுவர் எழுவதற்கு முன் ஒரே ஒரு இரவு, எந்திரத்தை மெதுவாக ஓட்டி, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, போர்வையில்லாமல் விட வேண்டும் என்று. பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வந்து பார்க்கட்டும் என்று. அவர் சரி என்று சொல்லிவிட்டார், எனக்கே ஆச்சரியம். சனிக்கிழமை இரவு. நீ போய்ப் பார்த்து எனக்கு எழுது. நான் வருவதற்கில்லை. கிடங்கு வேலை குவிந்து கிடக்கிறது. தவிர, பார்க்கும் தெம்பும் இல்லை.

ஆர்மாஸ்


குர்கிகோஸ்கி,
1954 ஜூன் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

கௌகோவின் கை தேறிவிட்டது. டாக்டர் பார்த்தார், இரண்டு நகம் விழுந்து புதிதாக முளைக்கும். நாங்கள் மூவரும் நலம். உன் உடம்பும் நன்றாகவே இருக்கிறது என்று தெரியும்.

கொத்தனார்கள் நேற்று வந்துவிட்டார்கள். சுவர் இன்று இடுப்பளவு எழும்பியிருக்கிறது. உன் வரைபடம் தெளிவாக இருக்கிறதாம். அதைச் சொல்லச் சொன்னார்கள்.

சனிக்கிழமை இரவைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

ஊரே வந்திருந்தது. ஹோல்ம் தன் மனைவியோடு வந்திருந்தார்; அந்த அம்மாவும் அதுவரை உள்ளே வந்ததில்லையாம். எல்லாரும் சர்ச்சுக்குப் போடும் உடுப்பில். எந்திரச் சத்தத்துக்குப் பயந்து இர்யா என் பாவாடைக்குள் புகுந்துகொண்டாள். பதினொன்றரை மணி இருக்கும், ரெய்னோ கயிற்றை இழுத்தான், போர்வை விழுந்தது.

அண்ணா, எனக்கு எழுதத் தெரியவில்லை. நீ ஆர்க்கிடெக்ட், உனக்கு வார்த்தை இருக்கும். சூரியன் ஆற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் அந்தச் சுவர் முழுக்க நிறைந்து உள்ளே வந்தது. ஆவி எல்லாம் பொன்னாகிவிட்டது. கூரை உத்தரம், சங்கிலி, எண்ணெய்க் கிண்ணம், ரெய்னோவின் வழுக்கைத் தலை, எதையும் விடவில்லை. காய்ந்து வரும் காகிதம் உயரத்தில் உருளையிலிருந்து உருளைக்குப் போகிற இடத்தில் சூரியன் அதற்குப் பின்னால் இருந்தது. காகிதத்துக்குள் இழை இழையாக ஓடுவது தெரிந்தது, மரத்தின் நார். நாங்கள் அடுப்பெரிக்கிற, வீடு கட்டுகிற அதே மரம். அது ஓடிக்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. இர்யா பாவாடைக்குள்ளிருந்து வெளியே வந்து கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு குழந்தைகூட அழவில்லை. ஹோல்மின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கடவுளே, இதற்குள்தான் என் புருஷன் தினம் நிற்கிறாரா என்று நினைத்தேன். அவர் கையை வாங்க இருந்ததும் இதுதான் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது.

கௌகோ என் காதில் கத்தினார்: "தப்புத்தான்! பெரிய தப்புத்தான்! ஆனா இந்த மாதிரி ஒண்ணை வேற யாராலயாவது கட்ட முடியுமான்னு கேளு!"

அப்போதுதான் திரும்பினேன். காகிதச் சுருள்கள் அடுக்கிய கோடியில், பிள்ளைகளுக்குப் பின்னால், ரயில்வேக்காரன் தொப்பி ஒன்றைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நீ நின்றிருந்தாய். தொப்பி போட்டால் எனக்கு அடையாளம் தெரியாதா? நீ அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் முழுக்க வெயில், கண்ணைக்கூட மூடவில்லை.

நான் உன்னை நோக்கி ஓரடி வைத்தேன். கௌகோ என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அவரும் பார்த்திருக்கிறார்.

"விடு சைமி," என்றார். "கூப்பிடாதே. அவரு பாக்கட்டும்."

அதனால்தான் கூப்பிடவில்லை.

உன் தங்கை,
சைமி